நினைவை நேர்நின்று நோக்குதல்

போர்க்களக் கொடுமையால் உளம் நைந்த பிரிட்டிஷ் படையதிகாரிகட்கு, 1917-இல் ஸ்காட்லாந்திலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மருத்துவம் புரிந்தவர் டாக்டர் ரிவர்ஸ். (நம் நீலகிரித் தோடரைப்பற்றி 1906-இல் நூல் வெளியிட்டவரும் இவரே.) அவ்வதிகாரிகட்கு முன்னர்க் கூறப்பட்ட அறிவுரை, நிகழ்ந்ததை மறந்துவிடுக என்பதே. அங்ஙனம் மறக்க முயன்ற ஒருவரை, குண்டினாற் சிதறுண்ட நண்பனுருவம் இரவிற் கனவாய் வந்து நடுக்கிற்று. அவ்வளவு சிதைந்தவன் நொடியில் இறந்திருத்தல் வேண்டும், நெடிது வருந்தியிரான் என்று ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். பின்னர் வந்த கனவில் அவர் அச்சமின்றி நண்பனருகே மண்டியிட்டார். துயரம் எஞ்சிற்று, அது மானுடர்க்கு இயல்பன்றோ?

அழுகிய பிணத்தின்மீது முகங்குப்புற எறியப்பட்ட மற்றொருவர்க்கோ இம்முறை பயன்படவில்லை. அந்நினைவில் ஆறுதற்குரிய கூறு யாதொன்றும் இல்லை. பொய்யாறுதல் புனைய ரிவர்ஸ் உடன்பட்டிலர். அந்நேர்மையையே யான் பெரிதும் மதிக்கின்றேன். படையை விட்டகன்று, முன்னர்த் தமக்கு அமைதி தந்த நாட்டுப்புற வாழ்வை நாடுமாறு அவர்க்குக் கூறப்பட்டது.