எந்தக் கோப்பு எந்த இடத்தில்?

மாணவர்களே, உங்கள் பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஓர் அகப்பக்கம் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறுகிறார். 11 கோப்புகளில் எண்ணை மாற்றிவிட்டு ஒன்றை மறந்துவிட்டால்? அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பெற்றோர் பழைய ஆசிரியரையே அழைப்பார்கள்.

ஜாவா மொழியில் இயங்கும் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பும் தைம்லீஃப் என்னும் வார்ப்புருக் கருவியும் இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவுகின்றன.

மூன்று இடங்கள்

1. 'ஜாவா' கோப்புறை: எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் கட்டுப்படுத்தி நிரல்கள் இங்கே இருக்கும்.

2. 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறை: பக்கங்களின் வார்ப்புருக்கள். இது 'ரிசோர்சஸ்' கோப்புறைக்குள் இருக்கும்.

3. 'ஸ்டேட்டிக்' கோப்புறை: படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள். இதுவும் 'ரிசோர்சஸ்' உள்ளேதான்.

பக்கம் எப்படிக் கிடைக்கிறது?

கட்டுப்படுத்தி 'ஈவென்ட்ஸ்/லிஸ்ட்' என்ற பெயரை மட்டும் தருகிறது. அதன் முன்னால் 'டெம்ப்ளேட்ஸ்' என்ற இடத்தையும், பின்னால் 'எச்டிஎம்எல்' என்ற கோப்பு வகையையும் ஸ்பிரிங் பூட் தானே சேர்த்துக்கொள்கிறது. ஆகவே, நிகழ்ச்சிப் பக்கங்களை 'ஈவென்ட்ஸ்' என்ற ஒரே உள்கோப்புறையில் வைத்தால் தேடுவது எளிது.

எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதி, பட்டி, அடிப்பகுதி ஆகியவற்றை 'ஃபிராக்மென்ட்ஸ்' என்ற உள்கோப்புறையில் தனியே எழுதுங்கள். ஒவ்வொரு பக்கமும் 'ரீப்ளேஸ்' கட்டளையால் அவற்றை அழைத்துக்கொள்ளும். இனி எண்ணை ஒரே கோப்பில் மாற்றினால் போதும். 12 பக்கங்களிலும் மாறிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள்

தனிப் பாதுகாப்பு அமைக்காவிட்டால், 'ஸ்டேட்டிக்' கோப்புறையில் உள்ள எதையும் முகவரி தெரிந்த எவரும் திறக்கலாம். வார்ப்புருக்களை அப்படி நேரடியாகத் திறக்க முடியாது. கட்டுப்படுத்தி வழியாகவே அவை வரும்.

அடுத்து, கோப்பின் பெயர். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சிறிய எழுத்தில் தொடங்கினாலும் விண்டோஸுக்கு ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். வீட்டுக் கணினியில் ஓடிய பக்கம் சேவையகத்தில் காணாமற்போக இதுவே காரணமாகலாம். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே வையுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

கழகச் சின்னம், பக்கப் பட்டி, உறுப்பினர்களின் அடையாள அட்டை எண் பட்டியல் ஆகிய மூன்றையும் எங்கே வைப்பீர்கள்?

விடை: சின்னம் 'ஸ்டேட்டிக்'கில்; பட்டி 'ஃபிராக்மென்ட்ஸ்'இல்; அடையாள அட்டை எண்கள் இந்தக் கோப்புறைகள் எதிலும் கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட தரவுத்தளத்தில் இருக்க வேண்டியவை.