ஒகேனக்கல் போகலாம் வாங்க – திட்டம் போட்டுப் போகலாம்!



"வருஷம் பூரா சேமிப்பு, கடன், பேங்க், கூட்டம்னு ஓடுறோம். ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போய்ட்டு வரக்கூடாதா?" குழுக்கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நம்மில் பலர் முதலில் சொல்லும் பெயர் ஒகேனக்கல். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் முதலில் தொடங்கப்பட்டதும் அதே தருமபுரி மாவட்டத்தில்தான். 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களுக்குக் குடிநீராக வருவதும் ஒகேனக்கல் காவிரித் தண்ணிதான்.

ஆனால் ஆசை மட்டும் போதாது. எங்கள் அனுபவத்தைக் கேளுங்கள்.

நாங்கள் பட்ட பாடம்

சில வருடங்களுக்கு முன் ஆடிப் பதினெட்டுக்கு வேன் பிடித்துக் கிளம்பினோம். எங்கள் ஊரில் ஒரு மாதமாக மழையே இல்லை. ஆற்றில் தண்ணி குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் காவிரி செம்மண் நிறத்தில் பொங்கிப் போகிறது. குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை.

"இவ்ளோ தூரம் வந்துட்டு நனையாமப் போறதா?" என்று சிலருக்கு ஆத்திரம். ஒருவர் வந்து, "தனியா ஒரு வழி இருக்கு, ஆளுக்குக் கொஞ்சம் குடுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார். மூன்று பேர் கிளம்பியே விட்டார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கே நின்று, "உங்க புள்ளைங்களுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?" என்று கேட்ட பிறகுதான் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில், அவர்கள் போக இருந்த பாறைகளே தண்ணிக்குள் மறைந்துவிட்டன.

மழையே இல்லாமல் வெள்ளம் எப்படி?

காவிரி பிறப்பது கர்நாடகத்தின் குடகு மலையில். கபினி ஆறு வருவது கேரளத்தின் வயநாட்டிலிருந்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பினால் உபரித் தண்ணியைத் திறந்துவிடுவார்கள். அது பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல் வரும். இங்கே ஆறு பாறை இடுக்குகளுக்குள் நெருக்கிக்கொண்டு ஓடுவதால் மட்டம் சட்டென்று ஏறும். அதனால் நம் ஊர் வானத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

"நீர்வரத்து பத்தாயிரம் கன அடி" என்று செய்தியில் சொல்வார்கள். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர், அதாவது நம் குடத்தில் இரண்டு குடம். அப்படியானால் பத்தாயிரம் கன அடி என்பது ஒவ்வொரு வினாடியும் இருபதாயிரம் குடம் தண்ணி! அதில் நீச்சல் தெரிந்தவரும் நிற்க முடியாது.

திட்டமிடுவது எப்படி?

1. நாள்: ஆடி, ஆவணியில் வெள்ளத்துக்கும் வாய்ப்பு அதிகம், கூட்டமும் அதிகம். தை, மாசியில் ஆறு பெரும்பாலும் அடங்கி ஓடும். எந்த மாதமானாலும் முதல் நாள் மாலையும் புறப்படும் காலையும் நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள்.

2. பணம்: குழுச் சேமிப்பைத் தொடவே கூடாது. உள்கடன் வாங்கியும் போக வேண்டாம். 20 பேர் மாதம் 50 ரூபாய் தனியாகப் போட்டால் பத்து மாதத்தில் 10,000 ரூபாய். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேன் முன்பணத்துக்கு ரசீது கேளுங்கள். தடை போட்டால் தேதியை மாற்றித் தர வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அடுத்த கூட்டத்தில் வரவு செலவை வாசியுங்கள்.

3. தலை எண்ணிக்கை: ஐந்து பேருக்கு ஒரு பொறுப்பாளர். வேனில் ஏறும்போதும், குளித்த பிறகும், சாப்பிட்ட பிறகும் எண்ணுங்கள்.

4. குளியல்: அனுமதித்த இடத்தில் மட்டும். ஆற்றில் முதலைகளும் உண்டு. எண்ணெய் தேய்த்த காலோடு பாறையில் நடந்தால் வழுக்கும். நனைந்த சேலை காலைச் சுற்றும், சுடிதார் நல்லது. நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

5. பரிசல்: உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறாதீர்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். செல்போனில் படம் எடுக்க எழுந்து நிற்காதீர்கள். ஒருவர் எழுந்தால் பரிசலே சாயும்.

6. உடம்பு: சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மறக்காதீர்கள். அவசரத்துக்கு 108.

இன்னொன்று. அங்கே மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்து, வறுத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சாப்பிடுங்கள், தொழிலைப் பற்றியும் கேளுங்கள். அடுப்பை நம்பிக் குடும்பம் நடத்தும் அவர்களிடம் நாம் கற்க நிறைய உண்டு.

தடை என்று சொன்னால் திரும்பி வாருங்கள். காவிரி அடுத்த மாதமும் ஓடும். போனவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்புவதுதான் நல்ல சுற்றுலா.

குழுக்கூட்டத்தில் பேசுங்கள்

- நம் குழுவில் சுற்றுலாவுக்குத் தனிச் சேமிப்பு தொடங்கலாமா?
- தடையை மீறிப் போகலாம் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன செய்வோம்?
- பணம் கட்ட முடியாத உறுப்பினரை விட்டுவிடாமல் எப்படிக் கூட்டிப்போவது?