தாத்தாவின் பஞ்சமி நிலம்

கேள்வி: தாத்தாவுக்குக் கிடைத்த பஞ்சமி நிலம் இன்று வேறொருவர் பட்டாவில் இருக்கிறது. மீட்க வழி உண்டா?
– வாசகர், உத்திரமேரூர் வட்டம்

பதில்: உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையை ஒட்டி 1892-ல் உருவானது, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு (இன்றைய பட்டியல் சாதியினர்) நிலம் தந்த இந்தப் பஞ்சமி நில ஏற்பாடு. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் பட்டியல் சாதியினருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம்.

தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேடு, பழைய செட்டில்மென்ட் பதிவேடு இரண்டின் நகலையும் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சர்வே எண்ணுக்கு நேரே 'டி.சி. நிபந்தனை' (டி.சி. என்றால் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். 1980-களின் யுடிஆர் எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவில் அது விடுபட்டிருக்கலாம், அதனால் பழைய பதிவேடே முக்கியம்.

ஆவணம் இல்லாமல் நிலம் இழப்பவர்களும் உண்டு: இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பத்திரம் இல்லை என்று பெதோயின் அரபு மக்கள் நீதிமன்றத்தில் தோற்கிறார்கள். இங்கே பத்திரத்தை எழுதியதே அரசு. அப்படியிருந்தும் கரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நகல்களோடு கோட்டாட்சியரிடமும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.