தவ்ராத்தின் தலைமுறைக் கணக்கு

திரிங்காப்பில் நம்மவர் கடையொன்றில் சமீபத்தில் ஒரு பேச்சு எழுந்தது. சரக்கு வாங்க வந்த கிறிஸ்தவ நண்பர், "உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுதான்; வேதத்திலேயே கணக்கிருக்கிறது" என்றாராம். கடைப் பையன் பதில் தெரியாமல் நம்மிடம் வந்தான். கணக்குப் பார்ப்பது நமக்குத் தொழிலாயிற்றே; பார்ப்போம்.

அஷர் என்ற அயர்லாந்துப் பாதிரியார் 1650-ல் வெளியிட்ட கணக்கு அது. படைப்பு கி.மு. 4004 என்றார். ஆதியாகமம் 5, 11 அதிகாரங்களில் இன்னார் இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றார் என வருவதைக் கூட்டியதே அதன் அஸ்திவாரம். கூட்டலைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பேரேடு ஒன்றல்ல, மூன்று!

ஆதம் (அலை) முதல் பிரளயம் வரை எபிரேயப் பிரதியில் 1656 ஆண்டுகள். சமாரியர் பிரதியில் 1307. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 2242. இவ்வேறுபாட்டை நம் அல்பிரூனி ஏறத்தாழ கி.பி. 1000-லேயே எழுதி வைத்துவிட்டார்.

மெத்தூசலா என்பவரைப் பாருங்கள். வாழ்ந்தது 969 ஆண்டுகள். எபிரேயப்படி 187 வயதில் லாமேக்கைப் பெற்றார். லாமேக்கு 182 வயதில் நூஹ் (அலை) அவர்களைப் பெற்றார். நூஹ் (அலை) அவர்களின் 600-ஆம் வயதில் பிரளயம். கூட்டினால் சரியாக 969. அந்த ஆண்டிலேயே இறந்தார் என்றாகிறது. கிரேக்கப் பிரதிகள் சிலவற்றிலோ 167, 188, 600; ஆக 955. அப்படியானால் பிரளயத்திற்குப் பிறகும் 14 ஆண்டு அவர் உயிரோடிருந்திருக்க வேண்டும். கப்பலிலோ அவர் ஏறவில்லை! (கடைக் கணக்கில் இப்படி வந்தால் நமக்கு இரவு தூக்கம் வராது.)

மற்றொன்று. எஸ்ரா 7-ஆம் அதிகாரத்து வம்சாவளியில், முதலாம் நாளாகமம் 6-ல் உள்ள ஆறு பெயர்கள் இல்லை. இருந்தும் 'மகன்' என்றே போட்டிருக்கிறது. எபிரேய 'பென்' அரபியின் 'பின்' போன்றது. இந்நாட்டு அடையாளக் கார்டில் 'பின்' என்றால் தகப்பன் பெயர்தான். பழைய வம்சாவளிகளில் பாட்டனும் முப்பாட்டனும் அதில் அடங்குவர். ஆனால் ஆதியாகமத்தில் வயதும் சேர்ந்தே வருவதால், விடுபட்ட பெயர்களைக் கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது என்பாரும் உண்டு. அதுவும் நியாயமே.

நபி (ஸல்) அவர்களின் வம்சாவளியிலும் அத்னான் வரையே நம் உலமாக்கள் ஒருமித்திருக்கிறார்கள். அதற்கு மேலே கருத்து வேற்றுமை. நூஹ் (அலை) தம் மக்களிடையே ஆயிரத்தில் ஐம்பது குறைய ஆண்டுகள் இருந்தார்கள் எனக் குர்ஆன் (29:14) அறிவிக்கிறது. ஆதம் (அலை) தொட்டு ஆண்டுக் கணக்கு எதையும் அது தரவில்லை.

பையன் அந்த நண்பரோடு வாதாட வேண்டாம். எந்தப் பிரதியைப் பார்த்துக் கூட்டினீர்கள் என்று மரியாதையாகக் கேட்டால் போதும்.