பள்ளிச் செலவில் சம பங்கும் சம நீதியும்

ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் பள்ளிக் கட்டடங்களின் பராமரிப்பு நிதி விவாதத்துக்கு வந்தபோதெல்லாம், "எல்லா வார்டுகளுக்கும் ஒரே தொகையை ஒதுக்கிவிட்டால் வழக்கே இல்லையே?" என்று அங்கத்தினர் கேட்டதுண்டு. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணி, அவ்வாறே கோப்பெழுதி வந்தோம். அந்தச் சம பங்கு குழந்தைகளுக்குச் சமத்துவத்தைத் தந்ததா என்பதை இங்கு ஆராய்வோம்.

வரி விகிதமும் வரவும்

ஓர் ஊரில் ஆலையும் மாடி வீடுகளும் உள்ளன. அடுத்த ஊரில் மானாவாரி நிலமும் ஓலைக் குடிசைகளுமே உள்ளன. இரண்டு ஊராரும் ஒரே விகிதத்தில் வரி செலுத்தினாலும் வரவு ஒன்றாகாது. பள்ளியின் செலவு முழுவதும் அந்த வரவையே நம்பியிருக்குமாயின், குழந்தையின் கல்வி அது பிறந்த ஊரின் செல்வத்தைப் பொறுத்ததாகிவிடும்.

இதற்கு அமெரிக்க நாட்டில் டெக்ஸஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரம் தக்க சான்றாகும். அங்கே பள்ளிகளை நடத்துவதற்கென்றே தனி உள்ளாட்சி வட்டாரங்கள் உள்ளன. அவை சொத்து வரி விதிக்கின்றன. 1967-68ஆம் பள்ளி ஆண்டில், ஏழைத் தொழிலாளர் மிகுந்த எட்ஜ்வுட் வட்டாரத்தில் மாணவர் ஒருவருக்கு வரிக்குரிய சொத்து மதிப்பு 5,960 டாலர். செல்வர் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் வட்டாரத்தில் அது 49,000 டாலருக்கும் மேல். ஏழை வட்டாரத்தார் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கொடுத்தனர். செல்வர் கொடுத்ததோ 0.85 டாலர். மாநிலத்தின் குறைந்தபட்சக் கல்வித் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு நீங்கலாக, எட்ஜ்வுட்டில் மாணவருக்கு 26 டாலரும், அலமோ ஹைட்ஸில் 333 டாலரும் உள்ளூர் வரியிலிருந்து கிடைத்தன. மாநில, மத்திய அரசுகளின் உதவியையும் கூட்டிய பின்னரும் முன்னதற்கு 356 டாலர், பின்னதற்கு 594 டாலர் என்ற ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை.

கூடுதல் விகிதத்தில் வரி கொடுத்தவருக்குக் குறைந்த பள்ளி வசதியே கிடைத்தது என்பதை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். ஆகவே, "அவ்வூரார்க்குக் கல்வியில் அக்கறை இல்லை" என்று ஏழை ஊரைக் குறை கூறுதல் பொருந்தாது.

எட்ஜ்வுட் பெற்றோர் 1968ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தனர். 1973ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு தொடுக்கப்பட்ட வேறொரு வழக்கில், 1989ஆம் ஆண்டு, டெக்ஸஸ் மாநில உச்ச நீதிமன்றம் அம்முறை மாநில அரசியல் சட்டத்துக்கு மாறானதென ஒருமனதாகக் கூறிற்று. 1993ஆம் ஆண்டுச் சட்டம், செல்வ வட்டாரங்கள் தம் வரவில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. வழக்குத் தொடங்கியபோது முதல் வகுப்பிலிருந்த குழந்தை, அதற்குள் முப்பது வயதைக் கடந்துவிட்டது.

நம் மாநிலத்தின் வழி

1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி அமைந்த ஒன்றியங்களிடம் ஆரம்பப் பள்ளிகள் ஒப்படைக்கப்பட்டன. அக்காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூடின. ஊரார் மனமுவந்து இடமும் பொருளும் அளித்தனர். இது போற்றத்தக்கது. எனினும் நன்கொடையும் வசதியுள்ள ஊரில்தான் மிகுதியாகச் சேரும் என்பதை மறத்தலாகாது. 1981ஆம் ஆண்டு ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். அதனால் ஆசிரியர் சம்பளம் ஊரின் செல்வத்தைச் சார்ந்திருக்கும் நிலை நீங்கிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர் வேண்டுமென வகுத்தது.

எனவே பெரும் செலவில் சமத்துவத்துக்கு வழி பிறந்துள்ளது. கூரை, சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றின் பராமரிப்பில்தான் உள்ளூரின் முடிவு பெரிதும் தேவைப்படுகின்றது. இங்கேதான் நாம் தவறிவிடக்கூடும்.

ஒரு கணக்கு

ஒன்றியத்தில் பத்து வார்டுகள். பள்ளிப் பராமரிப்புக்குப் பத்து லட்சம் ரூபாய் உள்ளதெனக் கொள்வோம். வார்டுக்கு ஒரு லட்சம் வீதம் பிரித்தால், நல்ல கட்டடமுள்ள பள்ளி மறுபடி வர்ணம் பூசிக்கொள்ளும். கூரை பழுதுபட்டு மூன்று லட்சம் தேவைப்படும் பள்ளியோ, பழைய ஓட்டைப் பிரித்தபின் பணமின்றி நிற்கும். அங்குள்ள குழந்தைகள் ஐப்பசி மழையில் ஒரே அறையின் ஒரு மூலையில் ஒதுங்குவர். பங்கு சமமானதுதான், பயன் சமமாகவில்லை. பசியுள்ளவனுக்கும் உண்டு முடித்தவனுக்கும் ஒரே அளவு சோறு படைப்பதை ஒப்பதாகும் இது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒன்றியத்திலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் மாணவர் தொகை, அறைகள், கூரையின் நிலை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைக் காட்டும் ஒரே பட்டியல் வேண்டும். அங்கத்தினர் நேரில் சென்று பார்த்தே இதனை எழுத வேண்டும்.

இரண்டாவதாக, தேவையின் கடுமைப்படி பள்ளிகளை வரிசைப்படுத்துக. குழந்தையின் உயிருக்கு ஆபத்தான கட்டடமே முதலிடம் பெறும்.

மூன்றாவதாக, ஐந்தாண்டுகளில் ஒவ்வொரு பள்ளிக்கும் மாணவர் ஒருவருக்கு எவ்வளவு செலவாயிற்று எனக் கணக்கிடுக. மலையூரிலும் சிறு குக்கிராமத்திலும் மாணவர் தொகை குறைவாதலால் இவ்வெண் உயர்ந்தே தோன்றும். அது வீண் செலவன்று.

நான்காவதாக, பட்டியலையும் கணக்கையும் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஒரு படி கொடுங்கள். எல்லாரும் அறிந்த வரிசையைப் பிறகு எவரும் எளிதில் மாற்ற இயலாது.

வீட்டு வரி பாக்கியை வசூலிப்பதிலும் தளர்ச்சி கூடாது. மேலிருந்து உதவி வரும் என்பது, நம் கடமையைக் கைவிடுவதற்குக் காரணமாகாது.

இவ்வாண்டு தம் வார்டுக்குரிய பங்கை அடுத்த வார்டின் பள்ளிக்கு விட்டுக்கொடுக்கும் அங்கத்தினருக்குத் தம் ஊராரிடம் பதில் சொல்லும் சங்கடம் உண்டு என்பதை நாம் அறிவோம். அவர் கையில் அந்தப் பட்டியல் இருக்கட்டும். "நம் பள்ளியின் கூரை உறுதியாக நிற்கின்றது, அங்கே ஒழுகுகின்றது" என்று காரணத்தை எடுத்துரைத்தால், பிள்ளைகளைப் பெற்ற எந்த ஊராரும் அதனை ஏற்பர்.