அயல்நாட்டில் பணிபுரிவோருக்கு மருத்துவக் காப்பீடு: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணிபுரிவோர் பலர், விடுமுறையில் ஊர் திரும்பும்போது எங்கள் சிறுநீரகப் பிரிவுக்கு வருகின்றனர். கால் வீக்கம், மூச்சிரைப்பு, பசியின்மை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவர்களை இங்கே அழைத்து வருகிறது. குருதியில் கிரியேட்டினின் அளவைப் பார்த்தால், நோய் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது என்பது புலனாகிறது. அங்கேயே மருத்துவரைப் பார்த்திருக்கலாமே என்று வினவினால், செலவாகும் என்று அஞ்சியதாகவே பெரும்பாலோர் கூறுகின்றனர். அவர்களுள் பலருக்கு அந்நாட்டுச் சட்டப்படியே காப்பீடு இருந்திருக்கும். அது இருப்பதையோ, அதைப் பயன்படுத்தும் முறையையோ யாரும் அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை. ஆகவே, இவ்விதழில் காப்பீட்டைப் பற்றி எழுதுகிறோம்.

எல்லை தாண்டாத அட்டை

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: அரசுக் காப்பீடு பொதுவாக அந்தந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைத் துபாய் மருத்துவமனையில் காட்டிப் பயனில்லை. அவ்வாறே, அங்குள்ள முதலாளி எடுத்துத் தந்த காப்பீடு, வேலை முடிந்து விசா நீக்கப்பட்ட பின்னர் இங்கு உதவும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆதலால், ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்திற்கு இரண்டு பாதுகாப்புகள் வேண்டும்: பணியிடத்தில் ஒன்று, ஊரில் ஒன்று.

பணிபுரியும் நாட்டில்

ஐக்கிய அரபு அமீரகத்தில், 2025 சனவரி 1 முதல் தனியார் துறைப் பணியாளர்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அபுதாபியிலும் துபாயிலும் இவ்விதி முன்பிருந்தே உள்ளது. காப்பீட்டுக் கட்டணத்தை முதலாளியே ஏற்க வேண்டும். பணியாளரின் ஊதியத்தில் பிடித்தம் செய்தல் கூடாது. எனினும், மருத்துவரைப் பார்க்கும்போதும் மருந்து வாங்கும்போதும் செலவில் ஒரு பங்கைப் பணியாளர் செலுத்த நேரலாம். சவூதி அரேபியாவிலும் பணியாளருக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் சட்டக் கடமையாகும்.

சிங்கப்பூரின் பொதுக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப், அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை அனுமதிச் சீட்டில் சென்றோர் அதில் சேர்வதில்லை. அவர்களுக்காக முதலாளி தனியே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 2023 சூலை 1 முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 சிங்கப்பூர் டாலர். உள்நோயாளிச் சிகிச்சையும் ஒரே நாளில் முடியும் அறுவைச் சிகிச்சையும் இதில் அடங்கும்.

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென ஸ்பிக்பா என்னும் மருத்துவமனைக் காப்பீடு உண்டு. பணியிட விபத்துகளுக்கு, 2019 சனவரி 1 முதல் சொக்சோ பாதுகாப்பும் அவர்களுக்கு விரிவாக்கப்பட்டுள்ளது.

இவை இருந்தும், வெப்பத்தில் உழைத்து உடல்வலி கண்டவர், காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லாமல், கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்குகிறார். போதிய நீர் அருந்தாத உடலில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஊரிலிருந்து கொண்டுசென்ற இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தபின், அடுத்த விடுமுறை வரை மருந்தே இல்லாமல் இருப்போரும் உளர். இத்தகைய இழப்பைத் தடுக்கவே அந்த அட்டை வழங்கப்பட்டிருக்கிறது.

புறப்படும் முன்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் பொதுவாக இ.சி.ஆர். வகைக் கடவுச்சீட்டில் செல்கின்றனர். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் அவர்கள் சேர வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாயும், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாயும் கட்டணம், வரி தனி. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேரின் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். நோய்க்கும் காயத்திற்கும் மருத்துவமனையில் சேர்ந்தால் மொத்தம் 1 லட்சம் ரூபாய் வரை பெறலாம். சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் ஒன்றன்று என்பதை அங்குச் செல்வோர் நினைவிற்கொள்க.

இத்திட்டத்தில் ஏஜென்ட் பதிவு செய்துவிட்டதாகக் கூறினால், பாலிசி எண்ணைக் கேட்டுப் பெற்று, அதன் படி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். நோய் நேரும்போது உரிமை கோரப்போவது பெரும்பாலும் ஊரில் இருக்கும் மனைவியோ பெற்றோரோ தான்.

நோய் உள்ளோருக்கு ஒரு சொல். வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோர் தகுதி பெறுவதில்லை. சருக்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளோர் அதனை மறைத்துச் செல்வது, பின்னர்க் காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படவும் காரணமாகலாம். புறப்படும் முன் சிறுநீரில் புரதம், குருதியில் கிரியேட்டினின் ஆகிய இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் உள்ளோரும் திரும்பி வருவோரும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையும் இதில் உள்ளன. ஐயங்களுக்கு 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வெளிநாட்டு ஊதியத்தால் வரம்பைக் கடந்த குடும்பம், அந்த ஊதியம் இருக்கும்போதே தனியார் காப்பீடு ஒன்றை ஊரில் உள்ளோருக்கு எடுத்து வைப்பது நன்று. தனியார் காப்பீடுகளில் முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. நோய் கண்ட பின்னர் எடுப்பது உடனே உதவாது.

நோயுற்று வேலையிழந்து திரும்புவோரின் நிலை வேறு. வருமானம் நின்றுவிட்டால், இப்போதைய நிலையை உள்ளபடி தெரிவித்துப் புதிய வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தவர் என்பதனாலேயே தகுதி இல்லை என்று கருதி, நகையை அடகு வைத்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் குடும்பங்களைக் காண்கிறோம். எங்கள் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளிலேயே கேட்டறியுங்கள்.

பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர்

பிரிட்டனில் ஆறு மாதத்திற்கு மேற்பட்ட விசாவில் செல்வோர், பொதுவாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் செலுத்தி அரசு மருத்துவச் சேவையைப் பெறுகின்றனர். சுற்றுலா விசாவில் செல்லும் பெற்றோருக்கு இது பொருந்தாது. அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசமாயினும், உள்நோயாளியாகச் சேர்ந்தால் கட்டணம் உண்டு. பயணக் காப்பீடுகள் பலவற்றில் முன்பே உள்ள நோய்க்கான சிகிச்சை அடங்குவதில்லை. டயாலிசிஸ் செய்துகொள்வோர், சென்று சேரும் ஊரில் அதற்கான இடத்தையும் செலவையும் உறுதி செய்யாமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டா.

கையில் இருக்க வேண்டியவை

1. காப்பீட்டு அட்டையும் பாலிசி எண்ணும்: ஒன்று பணியாளரிடம், ஒரு படி வீட்டில்.
2. காப்பீட்டை ஏற்கும் மருத்துவமனைகளுள், தங்குமிடத்திற்கு அருகிலுள்ள ஒன்றின் பெயர்.
3. உட்கொள்ளும் மருந்துகளின் மூலப்பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் சீட்டு. நிறுவனப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்; மூலப்பெயர் மாறாது.
4. கடைசியாகச் செய்த பரிசோதனை முடிவுகள்.
5. வெளிநாட்டில் சிகிச்சை பெற்றிருப்பின், அங்கிருந்து பெற்ற சிகிச்சைச் சுருக்கம். அது இல்லாமல் வந்தால் பரிசோதனைகளை மீண்டும் செய்ய நேரும். செலவும் நாளும் வீணாகும்.

வெளிநாட்டில் உள்ளவரிடம் இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது, அவருடைய காப்பீட்டு அட்டை எங்கே உள்ளது, கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது என்று கேளுங்கள். தொடக்க நிலையில் கண்டறிந்தால், மாத்திரையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் சிறுநீரகத்தைப் பல்லாண்டு காக்க இயலும்.