ரெண்டு கார்புரேட்டர், ரெண்டு டிரில் பிட்

மக்களே, ஆரல்வாய்மொழி எதிர்காத்துல ராஜ்தூத் 350 உதறுதா? 1983-ல் வந்த இந்த 347 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியில் சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர். ஒரு ஸ்லைடு முந்தித் திறந்தால் அந்தச் சிலிண்டர்தான் அதிகச் சுமை இழுக்கும்.

விலை கூடின கேஜ் வேண்டாம். ஒரே அளவில் இரண்டு 3 மிமீ டிரில் பிட் போதும்.

1. இன்ஜினை அணைத்து ஏர் ஃபில்டரைக் கழற்றுங்க. பிட்டில் நூல் கட்டுங்க. உள்ளே விழுந்தால் செலவு பெருசு.

2. வழுவழுப்பான முனையை ஸ்லைடுக்கு அடியில் வைத்து, ஐடில் ஸ்குரூவால் இரண்டும் ஒரே மாதிரி லேசாகப் பிடிக்கும்படி செட் பண்ணுங்க.

3. ஆக்சிலேட்டரை மெதுவா முறுக்குங்க. ரெண்டும் ஒரே நேரத்தில் தளரணும். முந்தித் தளர்ந்த பக்கத்துக் கேபிளைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க.

4. பிட்டை எடுத்துட்டு, ரெண்டு ஸ்குரூவையும் ஒரே அளவு திருப்பி ஐடிலைக் குறைங்க.

கடைசியா ஆயில் பம்ப் கேபிள் செட்டிங்கைப் பாருங்க. ஆயில் குறைஞ்சா பிஸ்டன் சீஸ் ஆகிடும்!